முடியிலும் நகத்திலும் குடிப்பழக்கத்தை அளப்பது: கத்தரிக்கோல் முதல் அறிக்கை வரை

ஒருவருடைய சில மாதக் குடிப்பழக்கத்தை அவருடைய முடியையோ நகத்தையோ வைத்து மதிப்பிடுவதற்கான வழிகாட்டி இது. நச்சியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்கள், மாதிரி எடுக்கும் செவிலியர்கள், குடிநோய் மறுவாழ்வு மையங்களில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இந்த வேலையைச் செய்தும், கற்றுக்கொடுத்தும் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. புதியவர்கள் பயப்படுவது கருவியைக் கண்டு. தப்பு நடப்பதோ கத்தரிக்கோலிலும் படிவத்திலும்.

அளக்கப்போவது என்ன என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். குடித்த மதுவில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். 0.1 சதவீதத்துக்கும் குறைவான பங்கு மட்டும் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்ந்து எத்தில் குளுக்குரோனைடு ஆகிறது. ஆய்வகத்தில் இதை இடிஜி என்போம். ரத்தம், வியர்வை வழியாக இது வளரும் முடியிலும் நகத்திலும் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஜிஜிடி போன்ற கல்லீரல் நொதிகள் வேறு நோயாலும் ஏறும். ஆனால் மது உள்ளே போகாமல் உடம்பு இடிஜியைத் தயாரிப்பதில்லை.

1. கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

முதல் வேலை, கேட்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்வது. பொருந்தாத மாதிரி எடுத்தால் பின்னால் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

நேற்று ராத்திரி குடித்தாரா என்பது கேள்வியானால் மூச்சும் ரத்தமும் போதும். கடந்த மூன்று நாள் பற்றியானால் சிறுநீரில் இடிஜி. கடந்த இரண்டு முதல் நான்கு வாரமானால் ரத்தத்தில் பாஸ்பாட்டிடைல் எத்தனால், அதாவது குடித்தால் மட்டும் ரத்த அணுக்களில் உண்டாகும் ஒரு கொழுப்பு. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேள்வி நீண்டால்தான் முடிக்கு வர வேண்டும். முடி இல்லை, அல்லது முடி கெட்டுப்போயிருக்கிறது என்றால் நகம்.

"போன மாதம் கல்யாண வீட்டில் குடித்தாரா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. முடியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. முடி சொல்வது பல மாதங்களின் மொத்தக் கணக்கு. என்றோ ஒரு நாள் குடித்தது அதில் தெரியாமலே போகலாம். இதை மாதிரி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அறிக்கை வந்த பிறகு சொன்னால் சண்டைதான்.

2. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

கத்தரிக்கோல், நகவெட்டி, அசிட்டோன், பஞ்சு, நூல், அலுமினியத் தாள், காகித உறை, சீல் ஒட்டி, அளவுகோல், பால் பாயின்ட் பேனா, படிவம், கையுறை.

இதில் கையுறையைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சேர்க்கவில்லை. கத்தரிக்கோலையும் கையையும் சானிட்டைசரால் துடைத்துவிட்டு ஈரத்தோடு முடியைத் தொடுவது புதியவர்களின் பழக்கம். பல சானிட்டைசர்களில் இருப்பதும் மதுவில் உள்ள அதே ஆல்கஹால், எத்தனால்தான். வெளியிலிருந்து படும் எத்தனால் முடியில் இடிஜி ஆகிவிடாது. ஆனால் கொழுப்பு அமில எத்தில் எஸ்டர்களையும் (எத்தனால் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து உண்டாகும் இன்னொரு தடயம்) சேர்த்து அளப்பதாக இருந்தால் அது கணக்கைக் கெடுக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுக் கையுறை போடுங்கள்.

3. வெட்டுவதற்கு முன் கேளுங்கள்

சம்மதக் கையெழுத்து முதலில். அடுத்து கேள்விகள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முடியை வெட்டி உறையில் போட்ட பிறகு "சாயம் அடிச்சீங்களா?" என்று கேட்டால், வருகிற பதில் ஏற்கெனவே யோசித்துவைத்த பதிலாக இருக்கும்.

முடிக்கு ப்ளீச் செய்திருக்கிறாரா, சுருட்டவோ நேராக்கவோ ரசாயனமும் சூடும் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இவை இடிஜியைக் குறைத்துவிடும். ப்ளீச் செய்த முடியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. சாதாரணச் சாயம் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பெயர், தேதி இரண்டையும் குறித்துவையுங்கள்.

தலையில் தேய்க்கும் மூலிகை டானிக் எதுவும் உண்டா? மூலிகைச் சாறு கலந்த சில டானிக்குகளில் இடிஜியே இருந்து, குடிக்காதவர் முடியிலும் அது தெரிந்திருக்கிறது. டானிக் பயன்படுத்துகிறார் என்றால் அந்தப் புட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அதையே சோதித்துவிடலாம்.

சிறுநீரகக் கோளாறு உண்டா? இடிஜி வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அது தடைப்பட்டால் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றி, முடியிலும் அதிகமாகச் சேரும்.

மருந்துகளைக் கேட்கும்போது அரிஷ்டம், ஆசவம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அவற்றில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது. "மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் தசமூலாரிஷ்டத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அதை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, கடைசியாக மொட்டை போட்டது எப்போது என்பது. பழனிக்குப் போய் மூன்று மாதம் ஆனவர் தலையில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். மொட்டை போட்ட காரணம் நமக்குத் தேவையில்லை, தேதி போதும்.

4. முடி எடுப்பது

இடம்: தலையின் பின்பக்கம், உச்சிக்குச் சற்றுக் கீழே, சுழி இருக்கும் பகுதி. அங்கே முடி வளரும் வேகம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை, வளரும் நிலையில் உள்ள முடியும் அதிகம். காதோரம், முன்நெற்றி வேண்டாம்.

வளர்ச்சி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். ஆக, தலைத்தோலிலிருந்து 3 சென்டிமீட்டர் என்பது சுமார் மூன்று மாதம்.

எடுக்கும் முறை இது. பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்தெடுங்கள். வெட்டுவதற்கு முன்பே நூலால் கட்டுங்கள். பிறகு தோலை ஒட்டி வெட்டுங்கள். இதே மாதிரி பக்கத்தில் இன்னொரு கற்றை. ஒன்று சோதனைக்கு, மற்றது யாராவது முடிவை எதிர்த்துக் கேட்டால் மறுசோதனைக்கு.

வெட்டிய பிறகு கட்டலாம் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கையில் எடுத்ததும் கற்றை கலையும், வேர்ப்பக்கம் எது நுனிப்பக்கம் எது என்று தெரியாமல் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கற்றையை மேசைமேல் வைத்துவிட்டு உறையில் பெயர் எழுதத் திரும்பினேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது மேசையில் இருந்தது சவரக்கடைத் தரையில் கிடப்பதைப் போன்ற ஒரு குப்பை. அந்த ஆளை மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறேன்.

தோலை ஒட்டி வெட்டச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தோலுக்குள் இருக்கும் முடி வெளியே தலைகாட்டவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குமேல் நீங்களும் அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் கடைசி ஒரு மாதம் மாதிரியிலிருந்தே விடுபட்டுப்போகும்.

தலையில் முடி இல்லாவிட்டால் நெஞ்சு, கை, கால் முடியை எடுக்கலாம். ஆனால் அவற்றுக்கு மாதக் கணக்கு கிடையாது, ஏனென்றால் உடம்பு முடி நெடுநாள் வளராமல் அப்படியே நிற்கும். அக்குளில் இடிஜி குறைவாகக் காட்டும். பிறப்புறுப்புப் பகுதி முடி கூடவே கூடாது. சிறுநீரில் இருக்கும் இடிஜி அதில் படிந்து அளவை ஏற்றிவிடும்.

சீப்பிலிருந்து எடுத்த முடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வீட்டில் பெண்கள். அவர்கள் படும் பாடு புரிகிறது. ஆனால் சீப்பில் வருவது உதிர்ந்த முடி. வளர்ச்சி நின்று சில மாதம் ஆனது. யாருடையது என்பதற்கும் சாட்சி இல்லை. சம்மதமும் இல்லை. திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

5. நகம் எடுப்பது

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதி வேகம்கூட இராது. அதனால் ஒரு மாதம் நகம் வெட்டாமல் வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நகத்தைக் கடிக்கும் பழக்கம் உள்ளவரிடம் சொல்லிப் பயனில்லை, கால்நகத்துக்குப் போய்விடலாம்.

நகப்பூச்சை அசிட்டோனால் துடைத்து, நகக்கண்ணில் உள்ள அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, பத்து விரலிலும் வெளியே நீட்டியிருக்கும் பகுதியை வெட்டுங்கள். ஒட்டுநகம், ஜெல் பூச்சு இருந்தால் எடுக்க வேண்டாம். பூஞ்சை பிடித்துத் தடித்த கால்நகமும் வேண்டாம். நகத்துண்டு துள்ளும் என்பதால், ஒரு காகிதத்தை விரித்து அதன்மேல் கையை வைக்கச் சொல்லுங்கள்.

கைநகமும் கால்நகமும் தனித்தனி உறைகளில் போக வேண்டும். இரண்டும் காட்டும் காலம் வேறு. ஒன்றாகக் கலந்தால் எந்தக் காலத்தைப் பற்றிய முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நகத்தை முடியைப்போல சென்டிமீட்டர் கணக்கில் பிரித்து மாதம் சொல்ல முடியாது. நகம் வேரில் நீளமாக வளர்கிறது, அதோடு அடியில் உள்ள படுகையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. வேரில் தோன்றிய பகுதி நுனிக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் வழியில் ஏதாவது சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே கைநகம் என்றால் "கடந்த சில மாதங்கள்" என்பதற்கு மேல் துல்லியமாக எதுவும் எழுதாதீர்கள்.

6. பொதிவதும் பதிவதும்

முடியை அலுமினியத் தாளில் மடித்து, வேர்ப்பக்கத்தைத் தாளின்மேல் குறியிட்டு, காகித உறையில் வைத்து ஒட்டுங்கள். எடுத்தவரும் கொடுத்தவரும் சீல் மேலேயே கையெழுத்திட வேண்டும். அறை வெப்பநிலை, வெளிச்சமும் ஈரமும் படாத இடம், அவ்வளவுதான். ரத்தக் குப்பிகளோடு பழகியவர்கள் கையோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். வேண்டாம். இடிஜி நீரில் கரையும் பொருள். குளிரிலிருந்து எடுக்கும்போது படியும் ஈரமும், பிளாஸ்டிக் பைக்குள் சேரும் வியர்ப்பும் மாதிரிக்கு ஆகாது.

யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாறியது என்பது விடாமல் பதிவில் இருக்க வேண்டும்.

7. ஆய்வகத்தில் வரிசை: அளந்து வெட்டு, கழுவு, உலர்த்து, எடைபோடு, அரை

இந்த வரிசையில் ஒன்றைக்கூட இடம் மாற்றக் கூடாது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்வேன்.

வேர்ப்பக்கத்திலிருந்து 3 சென்டிமீட்டர் வெட்டி எடுங்கள். கேள்வி ஆறு மாதம் பற்றியானால் 6 வரை போகலாம். அதற்குமேல் போவதில் பயனில்லை. ஒவ்வொரு தலைக்குளியலிலும் இடிஜி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது, அதனால் நுனியில் குறைவாகத்தான் இருக்கும். "போன வருடம் குறைவாகக் குடித்தார், இப்போது அதிகம்" என்று முடியின் நீளத்தைப் பார்த்துக் கதை எழுதிவிடக் கூடாது.

அடுத்து கழுவுதல். டைகுளோரோமீத்தேன் முதலில், மெத்தனால் பிறகு, ஒவ்வொன்றும் சில நிமிடம். முதலாவது எண்ணெயை நீக்கும். இரண்டாவதில் நேரத்தை நீட்டாதீர்கள். இடிஜி மெத்தனாலிலும் கரையும், சுத்தம் செய்கிறேன் என்று தேட வேண்டியதையே கொட்டிவிடுவீர்கள்.

கழுவி உலர்த்திய பிறகே எடை. தேங்காய் எண்ணெய் தடவிய முடியைக் கழுவாமல் எடைபோட்டால் எண்ணெயின் எடையும் சேர்ந்துவிடும். நாம் சொல்லப்போகும் அளவு ஒரு மில்லிகிராம் முடிக்கு இத்தனை பிகோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்பது. எடை 10 சதவீதம் கூடினால், 5.4 என்று வர வேண்டியது 4.9 என்று வரும். குடித்தாரா என்று பிரிக்கும் எல்லை 5 (9-ஆம் பகுதியில் வரும்), ஆகவே இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒருவருடைய ஓட்டுநர் உரிமம் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக அரைப்பது. பால் மில்லில் (உலோக உருண்டைகள் மோதி அரைக்கும் இயந்திரம்) மாவாக அரைத்தால், கத்தரியால் பொடியாக நறுக்கியதைவிட அதிக இடிஜி வெளியே வரும். எந்த முறையில் செய்தீர்கள் என்பது அறிக்கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது. அரைத்த பிறகு கழுவலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே ஒட்டியிருந்த அழுக்கு உள்ளே கலந்துவிட்டிருக்கும். நகம் முடியைவிடக் கடினம், அரைக்க அதிக நேரம் கொடுங்கள்.

8. பிரித்தெடுப்பதும் கருவியும்

20 முதல் 50 மில்லிகிராம் பொடி. அதில் முதலில் போட வேண்டியது, அளவு தெரிந்த உள்நிர்ணயப் பொருள்: டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏற்றிய இடிஜி-டி5. பிறகுதான் தண்ணீர். முன்கூட்டியே போட்டால்தான் அடுத்தடுத்த படிகளில் எவ்வளவு இழந்தாலும் மாதிரியில் உள்ள இடிஜியும் இதுவும் ஒரே அளவில் இழக்கும், விகிதம் மாறாது. மறந்துபோய் நடுவில் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தக் குழாயைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

தண்ணீர் ஊற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து, சுழற்றித் தெளிய வைத்து, எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் திடநிலைப் பொதியில் சுத்தம் செய்து, பொருள்களைப் பிரித்து அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவிக்கு அனுப்புங்கள். எதிர்மின் முறையில், அயனி உடையும்போது அதன் நிறை எண் 221-லிருந்து 75-க்கும், 221-லிருந்து 85-க்கும் போகும் இரண்டு மாற்றங்களையும் பார்க்க வேண்டும். உள்நிர்ணயப் பொருளுக்கு 226-லிருந்து 75. ஒன்று மட்டும் தெரிந்து மற்றது தெரியாவிட்டால் அது இடிஜி என்று சொல்லக் கூடாது.

எவ்வளவு சிறிய அளவைத் தேடுகிறோம் என்று பாருங்கள். மில்லிகிராமுக்கு 5 பிகோகிராம் என்றால், 20 மில்லிகிராம் முடியில் மொத்தமே 100 பிகோகிராம். ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

புதியவர்கள் தடுமாறும் இடம் நிரல், அதாவது கருவிக்குள் பொருள்களைப் பிரிக்கும் குழாய். இடிஜி நீரோடு மிகவும் ஒட்டும் பொருள். சாதாரண சி18 நிரலில் நிற்காமல், உப்புகளோடு சேர்ந்து முதல் நிமிடத்திலேயே ஓடிவந்துவிடும். அங்கே குறிப்பலை அமுங்கிப்போய், இருப்பதை இல்லை என்று காட்டும். துருவப் பொருள்களைப் பிடிக்கும் நிரலைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் குடிக்காதவர் முடி ஒன்றும், 5-க்கும் 30-க்கும் அருகில் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளும் ஓட வேண்டும். குடிக்காதவர் முடிக்கு நாங்கள் குழந்தைகளின் முடியைத்தான் தேடுவோம், பெரியவர்களின் வாய்மொழியை நம்பி அளவுகோல் போட முடியாது.

9. எண்ணைப் படிப்பது

சர்வதேச முடிச் சோதனைச் சங்கம் 2019-இல் திருத்திய எல்லைகள் இவை, தலைமுடிக்கு. 5 பிகோகிராமுக்கு மேற்படாவிட்டால், குடிக்கவில்லை என்று அவர் சொல்வதோடு முடிவு முரண்படவில்லை. 5-க்கு மேல் போனால் திரும்பத் திரும்பக் குடித்திருப்பதை வலுவாகக் காட்டுகிறது. 30-ஐத் தொட்டால் தொடர்ந்த மிதமிஞ்சிய குடி.

மிதமிஞ்சிய என்றால் எவ்வளவு? பல மாதங்களுக்கு சராசரியாக நாளொன்றுக்கு 60 கிராமும் அதற்கு மேலும் சுத்த ஆல்கஹால். நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம். அதில் 77 மில்லி ஆல்கஹால். ஒரு மில்லிக்கு 0.789 கிராம் என்று பெருக்கினால் 61 கிராம் வருகிறது. தினம் ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான் அந்த எல்லை. "ஒரு குவார்ட்டர்தான் சார், அளவாத்தான்" என்று சொல்பவரின் முடி 30-ஐத் தாண்டினால் அவர் பொய் சொன்னதாக ஆகாது.

சனி ஞாயிறு இரண்டு நாளில் ஏழு குவார்ட்டர் காலி செய்துவிட்டு மற்ற நாளில் தொடாதவருக்கும் சராசரி அதேதான். இந்த இருவரையும் முடி பிரித்துக் காட்டாது.

எண்ணிலிருந்து குடித்த அளவைப் பின்னோக்கிக் கணக்கிடாதீர்கள். ஒரே அளவு குடிக்கும் இருவரின் முடியில் வெவ்வேறு எண்கள் வரும். 15 வந்தால் தினம் 30 கிராம், அதாவது ஒரு கட்டிங் என்று வகுத்துச் சொல்வது அறிவியல் ஆகாது. முடியின் கறுப்பு இதில் குறுக்கே வருவதில்லை. பல போதைமருந்துகள் மெலனினோடு ஒட்டும், இடிஜி ஒட்டாது. ஆகவே கருமுடிக்கும் நரைமுடிக்கும் எல்லை ஒன்றே.

நிறுத்தி மூன்று மாதம் ஆனவரின் முடியிலும் இடிஜி தென்படலாம். தலையில் 10 முதல் 15 சதவீத முடி வளராமல் ஓய்வில் நிற்கும். பழைய குடியின் தடம் அதில் அப்படியே இருக்கும். நிறுத்திய தேதியைப் படிவத்தில் கேட்காவிட்டால் இங்கே ஓர் அப்பாவி மாட்டுவார்.

நகத்துக்கு இந்த எல்லைகளை ஒட்டாதீர்கள். ஒரே ஆளின் கைநகத்தில் முடியைவிட அதிக இடிஜி இருப்பது வழக்கம், முடிக்கு இருப்பதுபோல எல்லோரும் ஏற்கும் எல்லை நகத்துக்கு நிலைபெறவில்லை. சில ஆய்வகங்கள் 8 பிகோகிராம் என்று வைத்திருக்கின்றன. எந்த எல்லையை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

10. அறிக்கை எழுதுவது

"குடிக்கவில்லை என்பது நிரூபணமாகிறது" என்று எழுதாதீர்கள். 4 வந்தால் "குடிக்கவில்லை என்ற கூற்றோடு முரண்படவில்லை" என்பதே சரியான வாக்கியம். 32 வந்தால் "குடிநோயாளி" என்றும் எழுத வேண்டாம். அது மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. முடியின் நீளம், எடுத்த இடம், கழுவிய முறை, அரைத்ததா நறுக்கியதா, அவர் சொன்ன சாயம், டானிக், நோய், எல்லாம் அதே தாளில் வர வேண்டும்.

முடிவு எல்லைக்கு அருகில் நின்றால் இரண்டாவது கற்றையைத் திறங்கள். ப்ளீச், சிறுநீரகம் என்று சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் பாஸ்பாட்டிடைல் எத்தனாலும் கேளுங்கள். கொழுப்பு அமில எத்தில் எஸ்டர்களை மட்டும் தனியாக வைத்துக் குடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஹேர் ஸ்ப்ரேயில் உள்ள ஆல்கஹாலே அவற்றை ஏற்றிவிடும்.

நீண்ட காலக் கண்காணிப்பு என்றால் ஒரே நீள முடியில் ஒரு வருடத்தைத் தேடக் கூடாது. ஜெர்மனியில் உரிமத்தை இழந்தவர் ஒரு வருடம் மதுவைத் தொடவில்லை என்று முடியால் காட்ட வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 3 சென்டிமீட்டர் வீதம் நான்கு மாதிரி கொடுக்க வேண்டும். முதல் மாதிரி எடுக்கும் அன்றே அடுத்த மூன்று தேதிகளையும் குறித்துக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் இடையில் மொட்டை போடும் வேண்டுதல் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.